முடிவு மானியம்: சென்னையில் ஆசிரியர் மதிப்பீடும் மாணவர் கற்றல் இலக்கும்

முடிவு மானியம் என்பது, ஆண்டுத் தேர்வில் மாணவர்கள் பெறும் தேர்ச்சியைக் கணக்கிட்டு அதற்கேற்ப அரசு பள்ளிகளுக்குப் பணம் வழங்கிய முறை. 1860களில் இங்கிலாந்திலும் அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த இம்முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. மாணவர் கற்க வேண்டியதை முன்கூட்டியே இலக்காக வகுத்து, அது எட்டப்பட்டதா என்பதைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடும் இன்றைய திட்டங்களுக்கு இது முன்னோடி. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கோட்டை வரைந்து அளப்பதா, ஒவ்வொரு குழந்தையும் தொடங்கிய இடத்திலிருந்து அளப்பதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற உழைக்கும் மக்களின் பகுதிகளில் உள்ள பள்ளிகளுக்கு அக்கேள்வி இன்றும் முக்கியமானது.

அரசு மானியத்துக்கு முன்

ஆசிரியரின் பிழைப்புக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தமிழகத்தில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் இருந்துள்ளன. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் வியாகரணம் கற்பிக்க ஒரு மண்டபம் இருந்ததையும், அதைப் பேண நிலம் கொடையாக அளிக்கப்பட்டதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. அங்கே ஆசிரியருக்குச் சோறு போட்டது நிலத்தின் விளைச்சல்.

எழுதப் படிக்கக் கற்றுத்தந்த திண்ணைப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே ஆசிரியரைக் காத்தவர்களும் மதிப்பிட்டவர்களும் பெற்றோரே. மாதந்தோறும் சிறிது காசு, நெல், பண்டிகை நாள்களில் வேட்டி என்று அவருக்குக் கிடைத்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பயின்று, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று மேலே போனார்கள். இன்றைய பொருளில் வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஒரு சுவடியை முடித்த பிள்ளை அடுத்த சுவடிக்குப் போகும். முடிக்காத பிள்ளை அதிலேயே இருக்கும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். ஓலை வாசிக்கவும் கடைக்கணக்குப் பார்க்கவும் பிள்ளை தேறிவிட்டால் ஆசிரியர் நல்லவர் என்று பெயர் வாங்குவார்.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பு, இத்தகைய பள்ளிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதைக் காட்டியது. அதன் அடிப்படையில் 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர்.

திண்ணைப் பள்ளியின் பழக்கம் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதியின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியில் கையாண்டு, 1797இல் அதை நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. இரண்டு தலைமுறை கழிந்து, இங்கிலாந்திலிருந்து ஒரு கல்வி முறை சென்னைக்கு வந்தது. அதுவே முடிவு மானியம்.

இங்கிலாந்தின் 1862 விதித்தொகுப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு இங்கிலாந்து அரசு செலவிட்ட பணம் ஆண்டுதோறும் பெருகியது. அந்தப் பணத்துக்கு ஈடாகக் குழந்தைகள் என்ன கற்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கல்விக் குழுவின் துணைத்தலைவரான ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பு 1862இல் இதற்கு விடையாக அமைந்தது.

அதன் கணக்கு எளிமையானது. குழந்தையின் வருகைக்காக 4 ஷில்லிங். தேர்வுக்காக 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் குழந்தை தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போய்விடும். வாசிப்பும் எழுத்தும் கணக்கும் ஆறு நிலைகளாக வகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நிலையிலும் குழந்தை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதியே சொன்னது. ஆய்வாளர் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று குழந்தைகளைத் தனித்தனியே தேர்ந்தார்.

கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ அர்னால்டு இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். கற்பித்தல் உயிரற்ற இயந்திர வேலையாகிவிடுகிறது என்பது அவர் வாதம். தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911இல் எழுதிய நூலில் இம்முறை பள்ளிகளில் விட்டுச்சென்ற பழக்கங்களைக் கடுமையாகச் சாடினார். அதற்குள் முறையே மறைந்துவிட்டது. 1890களில் இங்கிலாந்து அதைப் படிப்படியாக நீக்கியிருந்தது.

சென்னை மாகாணத்தில்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி திறந்தது. மறு ஆண்டு சென்னை மாகாணத்தில் கல்வித் துறை உருவாகி, ஏ. ஜே. அர்பத்நாட் அதன் முதல் இயக்குநரானார். தொடக்கத்தில் வழங்கப்பட்டது சம்பள மானியம். தகுதிச் சான்று பெற்ற ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும். மிஷன் பள்ளிகளும் நகரத்து உயர்நிலைப் பள்ளிகளும் இதனால் பயனடைந்தன. சான்றிதழ் என்பதையே அறியாத திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு இதில் இடம் இல்லை.

1860களின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்ட முடிவு மானியம் அந்தக் கதவைத் திறந்தது. ஆசிரியர் எங்கே படித்தார், என்ன சான்று வைத்திருக்கிறார் என்று அது கேட்கவில்லை. அவருடைய மாணவர்கள் குறிப்பிட்ட நிலைக்குரிய வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் செய்து காட்டினால் போதும். சொந்தமாகப் பள்ளி நடத்திய எளிய ஆசிரியருக்கும் அரசுப் பணம் கிடைத்தது. இதற்காகவே பல பள்ளிகள் பதிவேடு வைத்தன, அச்சிட்ட பாடப் புத்தகத்தை ஏற்றன, ஆய்வுக்கு இணங்கின. கல்வித் துறைக்கும் திண்ணைக்கும் இடையே முதல் பாலம் இதுவே என்பதை மறுக்க இயலாது.

ஆனால் ஆசிரியரின் ஆண்டு முழுவதையும் ஒரே நாள் முடிவு செய்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பதிவேட்டில் உள்ள பிள்ளை ஒவ்வொன்றும் ஆசிரியருக்கு ஒரு தொகை. காய்ச்சலில் படுத்த பிள்ளை, தந்தையோடு வேலைக்குப் போன பிள்ளை, ஊர் மாறிய பிள்ளை எல்லாம் அவருக்கு இழப்பு. அவர் எவ்வளவு உழைத்தார் என்பது கணக்கில் வராது. விதி கேட்காத எதையும் கற்பிப்பதில் அவருக்கு ஆதாயம் இல்லை. தேறிவிடுவான் என்று உறுதியாகத் தெரிந்த மாணவன் மீதும், எப்படியும் தேறமாட்டான் என்று தோன்றிய மாணவன் மீதும் நேரம் செலவிடுவதும் நட்டமே. நடுவில் நிற்பவர்களைக் கோட்டுக்கு மேலே தள்ளுவதே பணம் தரும் வேலை.

கடற்கரையில் ஒரே கோடு

இதன் பொருளை வடசென்னையின் கடலோரத்தை வைத்து நன்கு விளங்கிக்கொள்ளலாம். முடிவு மானியம் வந்த காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவாக நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. அந்தப் படகுக்காரர்கள் வாழ்ந்த பகுதிகளில் ஒன்று இராயபுரம். அங்கே அவர்கள் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் உள்ளது. பேதுருவின் தமிழ்ப் பெயரான இராயப்பர் என்பதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்ததாகக் கூறுவர். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. 1875இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 புயலில் அது பெரும் சேதம் அடைந்தது. வடக்கே திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மீன்பிடியும் உப்பளமும் வாழ்வாதாரமாக இருந்தன.

இத்தகைய ஊரில் பிள்ளையின் வருகை கடலையும் கூலியையும் பொறுத்தது. மீன் வரத்து மிகுந்த நாளில் கரையில் கை தேவைப்படும். தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876-78 பஞ்சம் போன்ற காலத்தில் படிப்பு முதலில் நிற்கும். எழுத்து புழங்கும் வீட்டுப் பிள்ளையும், வீட்டில் முதன்முதலாக எழுத்தைத் தொடும் பிள்ளையும் ஒரே நிலைத் தேர்வை எழுதினால், முதல் பிள்ளையின் ஆசிரியருக்குப் பாதி வேலையை வீடே செய்து முடித்திருக்கும். இரண்டாம் பிள்ளையை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அரைத் தூரம் அழைத்து வந்த ஆசிரியருக்கோ விதியின் கண்ணில் பூஜ்யம்.

முடிவு மானியத்தின் மையமான குறை இங்கேதான் இருந்தது. அது கற்றலை அளப்பதாகச் சொன்னது. உண்மையில் கற்றலையும் குடும்பச் சூழலையும் சேர்த்து அளந்து, இரண்டுக்கும் ஆசிரியரைப் பொறுப்பாக்கியது.

ஹண்டர் முதல் கர்சன் வரை

1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழுவில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் உறுப்பினர். தொடக்கப் பள்ளிகளுக்கான உதவி பெரும்பாலும் தேர்வு முடிவுகளைக் கொண்டே அமையலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. பின்தங்கிய பகுதிகளிலும் தனித்த சூழல்களிலும் உள்ள பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்றும் சேர்த்தது. கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டாம் என்றது. ஒரே கோடு எல்லோருக்கும் பொருந்தாது என்பதைக் குழு உணர்ந்திருந்ததை அந்த விலக்கே காட்டுகிறது.

வைசிராய் கர்சன் காலத்தில், 1904 மார்ச் 11 அன்று இந்திய அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் முடிவு மானிய முறையைக் கைவிடும் நிலைப்பாட்டை அறிவித்தது. மாகாணங்கள் அதன்பின் பள்ளியின் தேவை, ஆசிரியரின் தகுதி, மாணவர் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு மானியம் வழங்கும் முறைகளுக்கு மாறின.

சென்னை மாநகராட்சியில் அடுத்த மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வடசென்னையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23இல் 811 ஆக இருந்து 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் என்று கருதிய முறைக்கு, ஒரு வேளைச் சோறு சொன்ன மறுமொழியாக இதைக் கொள்ளலாம்.

கற்றல் ஏணி

இலக்கு என்ற கருத்து இந்தியக் கல்வியில் மீண்டும் வலுப்பெற்றது 1991இல். அவ்வாண்டு வெளியான தவே குழுவின் அறிக்கை, தொடக்க வகுப்புகளில் ஒவ்வொரு குழந்தையும் எட்ட வேண்டிய குறைந்தபட்சக் கற்றல் நிலைகளைப் பட்டியலிட்டது.

பட்டியலைக் குழந்தையின் வேகத்தோடு இணைக்கும் முயற்சி சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதை முன்னெடுத்தார். விரைவில் 264 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் இது விரிந்தது.

இம்முறையில் பாடத்திட்டம் சிறு படிகளாக உடைக்கப்பட்டுச் சுவரில் ஏணியாக மாட்டப்படும். ஒவ்வொரு படிக்கும் சின்னம் பொறித்த அட்டைகள் உண்டு. குழந்தை தான் நிற்கும் படியின் அட்டையைத் தானே எடுத்து வந்து, ஆசிரியரோடோ தோழர்களோடோ தனியாகவோ செய்து முடித்து அடுத்த படிக்குப் போகும். சில படிகளுக்கு ஒருமுறை வரும் மதிப்பீடும் ஓர் அட்டையே. நான்கு நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரும். ஆசிரியர் பாயில் குழந்தைகளோடு அமர்கிறார். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை உண்டு. சுவடி முடித்தால் அடுத்த சுவடி என்ற திண்ணைப் பள்ளி வழக்கத்தையும், பெல் கண்ட மாணவர் துணையையும் இதில் அடையாளம் காணலாம். மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளைக்கும் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இலக்கு உண்டு. அது அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து எண்ணப்பட்டது என்பதே வேறுபாடு.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இந்த வழியில் வருவது. குழந்தைகளை அவர்கள் அப்போதைய நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் இத்திட்டம், 2025க்குள் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்ற இலக்கை அறிவித்தது.

ஊக்கத்தொகைச் சோதனைகள்

ஆசிரியரின் வருவாயை மாணவர் கற்றலோடு இணைக்கும் எண்ணமும் மறையவில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1999 முதல் 2003 வரை நடந்த முன்னோட்டத்தில், ஆசிரியர் தம் வகுப்பைப் பார்த்துத் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு ஆண்டுக்கு இரண்டு கற்றல் இலக்குகளை வகுத்துக்கொண்டார். இலக்கை எட்டினால் கூடுதல் ஊதியம். லோவின் விதித்தொகுப்போடு ஒப்பிட்டால், இலக்கை எழுதும் கை மாறியிருந்தது.

சென்னைக்கு அருகே இதன் கவனமான சோதனை ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005 முதல் 500 அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு ஆய்வு செய்தனர். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, மாணவர் மதிப்பெண் சராசரியில் ஏற்படும் முன்னேற்றத்துக்கேற்ப ஊக்கத்தொகை தரப்பட்டது. இறுதி மதிப்பெண்ணைப் பாராமல் முன்னேற்றத்தை மட்டும் பார்த்தது இதன் சிறப்பு. தொடக்கத் தேர்வை எழுதிய குழந்தை ஆண்டிறுதியில் வராவிட்டாலும் கணக்கிலிருந்து நீக்கப்படவில்லை. எனவே பின்தங்கிய குழந்தையை ஒதுக்குவதால் ஆதாயம் கிடைக்காது. 2011இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டாண்டு முடிவில் ஊக்கத்தொகைப் பள்ளிகளின் மாணவர்கள் கணக்கிலும் மொழியிலும் மற்றவர்களை விட முன்னேறியிருந்தனர். ஊக்கத்தொகை இல்லாத பாடங்களிலும் அவர்கள் பின்தங்கவில்லை. முடிவு மானியத்தின் பழைய தீமைகள் தவிர்க்க முடியாதவை அல்ல என்பதற்கு இது சான்று.

ஆனால் பணயம் மிகப் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தேர்வு மதிப்பெண் இலக்குகளின் அழுத்தத்தில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டதை மாநில விசாரணை 2011இல் வெளிப்படுத்தியது. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் தொடர்புபடுத்தப்பட்டனர்.

இன்றைய நிலை

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் 2017இல் திருத்தப்பட்டு, வகுப்புவாரியான கற்றல் விளைவுகள் அவற்றில் இடம்பெற்றன. ஆசிரியர்களுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2013இல் வெளியிட்ட செயல்திறன் குறியீடுகள் ஏழு தரநிலைகளைக் கொண்டவை. கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாட அறிவு, மாணவரோடும் பெற்றோரோடும் உறவு, வருகை முதலியவற்றில் ஆசிரியர் முதலில் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்கிறார். மாணவரின் மதிப்பெண் மட்டுமே ஆசிரியரின் அளவுகோல் என்ற நிலையிலிருந்து இது விலகி நிற்கிறது.

நடைமுறையில் பழைய கோடு வேறு வடிவில் தொடர்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்பது பள்ளியின் பெருமையாகவும் ஆசிரியரின் மதிப்பாகவும் பார்க்கப்படுகிறது. மாநில அளவில் முதலிடம் பெறுவோர் பட்டியலைத் தமிழக அரசு 2017 முதல் வெளியிடுவதில்லை. தேர்ச்சி விழுக்காடு இன்னும் வெளியாகிறது. அதைக் காக்க, தேறமாட்டார்கள் என்று கருதப்படும் மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு முன்பே வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவதாகப் புகார்கள் எழுவதுண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பின்தங்கிய பிள்ளையை நட்டமாகப் பார்க்க வைத்த கணக்கே இங்கும் வேலை செய்கிறது.

எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூரின் தொழிற்சாலைகள், இராயபுரத்தின் மீன்பிடித் துறைமுகம் ஆகியவற்றைச் சுற்றி வாழும் குடும்பங்களில் குடிபெயர்ந்து வந்தவர்களும் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருபவர்களும் பலர். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. இப்பகுதியில் ஒரு ஆசிரியரின் பணியை இறுதி மதிப்பெண் மட்டும் சொல்லாது. ஜூன் மாதம் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளை ஏப்ரலில் ஒரு பத்தியை வாசித்தால், அந்தத் தூரத்தைக் காட்டும் பதிவு ஏதேனும் வேண்டும். முடிவு மானியத்தின் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கற்றல் ஏணியிலும், முன்னேற்றத்தை அளந்த ஆந்திரச் சோதனையிலும் அது இருந்தது. ஆசிரியர் மதிப்பீட்டுக்காகக் கற்றல் இலக்கு வகுக்கும் எந்தத் திட்டத்தையும், அந்தக் கட்டம் அதில் உண்டா என்று பார்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.